கோபம் போன வீடு

என் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஏசி மெக்கானிக். பகலெல்லாம் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போதே குதித்துக்கொண்டுதான் நுழைவான். ஸ்க்ரூடிரைவர் இடம் மாறியிருந்தால் கத்தல். டீ ஆறியிருந்தால் கத்தல், சுட்டாலும் கத்தல். அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுப்பாள். வீடு இரண்டுபடும். அப்புறம் அவனே டீ போட்டு எடுத்துவந்து, "குடிச்சுத் தொலை" என்று நீட்டுவான். குழந்தை இல்லை. அந்தச் சண்டையும் டீயும்தான் அவர்கள் குடித்தனம்.

போன வருடம் ஏணி சறுக்கி விழுந்தான். தலையில் அடி, ஆபரேஷன், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. கை கால் தேறிவிட்டது. பேச்சு வந்தது, ஞாபகம் வந்தது. கோபம் மட்டும் வரவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். "தங்கமா மாறிட்டாரு, நீ குடுத்து வச்சவ" என்று அண்ணியிடம் சொன்னார்கள். எங்கள் சித்தி ஒருபடி மேலே போய், "எங்க வீட்டுக்காரரையும் ஒரு ஏணியில ஏத்திவிடலாமான்னு பாக்குறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கமாம்! அதை வைத்துக் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

ஒருநாள் நான் போயிருந்தபோது அண்ணன் நாற்காலியில் சட்டையெல்லாம் நனைய வியர்த்து உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே ஏசி செத்துக் கிடந்தது.

"ஏசி ஓடலையே?" என்றேன்.

"ஓடல. காலைலயே நின்னுடுச்சு."

"சரி பண்ணக்கூடாதா?"

"பண்ணலாம்."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அடுப்படியிலிருந்து அண்ணி, "எழுந்து சரி பண்ணுங்க" என்றாள். எழுந்தான். கழற்றினான், துடைத்தான், ஒரு வயரை மாற்றினான். கை கொஞ்சமும் தடுமாறவில்லை. ஓடவிட்டுவிட்டு மறுபடியும் அதே நாற்காலிக்குப் போய்விட்டான். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கூட ஆள் இருக்கும்போதே தனியா இருக்கேன். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

மூளை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "அடி பட்டது மூளையோட முன்பக்கத்துலம்மா. அவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம் புரியும். ஆனா ஒண்ணைச் செய்யணும்னு உள்ளேர்ந்து ஒரு உந்துதல் வருமில்ல, அது வர்றதில்ல. நீங்க சொன்னா செய்வாரு. தானா ஆரம்பிக்கமாட்டாரு. இது சோம்பேறித்தனம் இல்ல, திருந்தினதும் இல்ல."

"கோபம்?" என்றாள் அண்ணி.

"அதுவும் அப்படித்தான்."

"என்மேல இருந்த ஆசை?"

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். அதை நம்பிக் காத்துட்டு இருக்காதீங்கம்மா" என்றார்.

காத்திருக்காமல் இருக்க அவள் என்ன கல்லா? அடுத்த வாரமே ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சாப்பாட்டை மேஜைமேல் மூடிவைத்துவிட்டு, "நான் போறேன், இனிமே வரமாட்டேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "சரி" என்றானாம்.

"சாயங்காலத்துக்குள்ள கூப்பிடுவாரு பாரு. எங்கடி போய்த் தொலைஞ்சேன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும், ஓடிடுவேன்" என்றாள். போனை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நடுவில் என் போன் அடித்தது. இரண்டு பேரும் பதறி எழுந்தோம். என் வீட்டுக்காரர், கடையில் என்ன வாங்கிவரணும் என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார். பாவம், அவர்மேல் எரிந்து விழுந்தேன். பொழுது சாய்ந்ததும் அண்ணியே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

வீட்டில் விளக்கு போடவில்லை. அண்ணன் அதே நாற்காலியில் இருந்தான். மூடிவைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது.

"பசிக்கலையா?" என்றாள் அண்ணி.

"பசிக்குது" என்றான்.

"எடுத்துச் சாப்பிட்டா என்ன, கை இல்லையா உனக்கு?" என்று கத்திவிட்டேன். அண்ணி என்னைக் கையமர்த்தினாள். அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் இல்லைன்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. நாள் பூரா தெரிஞ்சுது."

"கவலையா இருந்துச்சா?"

என் அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவன், அது மட்டும் மாறவில்லை. "கவலைப்படணும்னு தெரிஞ்சுது. வரல" என்றான்.

அண்ணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து விளக்கைப் போட்டாள், சாப்பாட்டைச் சூடு பண்ணி முன்னால் வைத்து, "சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்ததும், "நாள் பூரா உங்களைப் பட்டினி போட்டிருக்கேன். என்னைத் திட்டுங்க" என்றாள்.

"என்னன்னு திட்டணும்?"

அண்ணி சொல்லிக்கொடுத்தாள். கடவுளே, அதை நான் கேட்டிருக்கவே கூடாது. "அறிவு இருக்கா உனக்கு?" என்று அவள் சொல்ல, அவன் அதையே சொன்னான். "கட்டின புருஷனை விட்டுட்டு ஊர் சுத்துறியா?" அதையும் சொன்னான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒரு எழுத்து பிசகாமல். "இன்னும் சத்தமா" என்றாள். சத்தத்தைக் கூட்டினான். வீடு அதிர்ந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். எதிர்வீட்டு அக்கா. உள்ளே எட்டிப் பார்த்து, "என்னம்மா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா" என்றாள் அண்ணி. "பழையபடி ஆயிட்டாரு."

கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்து, "இன்னும் திட்டணுமா?" என்று கேட்டான்.

"போதும்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டான்.