ஊதா நிறமான கிணறு

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் தென்காசிக்குக் காலராவும் கூடவே வந்துவிடும். சுகாதார இன்ஸ்பெக்டரான எனக்குக் கிணறு கிணறாகப் பிளீச்சிங் பவுடர் போடுவதே வேலை. அந்த வருஷம் நாங்கள் குடியிருந்த தெருவின் கிணற்றிலும் போட்டேன். சற்று நேரத்தில் வாளியில் வந்த தண்ணீர் ஊதாவாக இருந்தது.

தெருவே கூடிவிட்டது. எல்லாருக்கும் மூத்த ஓர் அண்ணாச்சி என் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"மருந்தா போட்டீரு? வெசத்தையில்லா போட்டிருக்கீரு! ஒம்ம சீட்டக் கிழிக்காம விட மாட்டோம்."

வேறு நாளாக இருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்று வாளியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலேஜில் படித்தது அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. அனிலின் கலந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் பட்டால் ஊதா நிறம் வரும். அனிலினைக் கண்டுபிடிக்க அதுவே சோதனை. தெருக்கோடிச் சாயப் பட்டறையில் கறுப்புச் சாயத்துக்கு அனிலினைப் பீப்பாயாக இறக்குவார்கள், கழிவை வாசலிலேயே கொட்டுவார்கள். ரத்தத்தைக் கெடுக்கும் விஷம் அது. என் மனைவியோ பிள்ளைத்தாய்ச்சி. அவள் குடித்ததெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

அண்ணாச்சி சொன்னதே உண்மையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பவுடரில் கோளாறு என்றால் போவது என் வேலை மட்டும்தான், போய்த் தொலையட்டும். பட்டறைக் கழிவு எட்டாத தண்ணீரில் அதே பவுடரைப் போட்டால் தெரிந்துவிடும்; அதுவும் ஊதாவானால் கோளாறு பவுடரில்தான். அண்ணாச்சியைச் சாட்சிக்குச் சைக்கிள் காரியரில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கு மிதித்தேன். சாரலில் கண் தெரியவில்லை. மனிதர் வழியெல்லாம் என்னை வைதார். அருவியைக் கண்டதும் குளிக்காமல் வரமாட்டேன் என்று எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். நான் கூஜாவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அங்கேயே சோதித்துவிடலாம் என்றால், தெரு பார்க்கத்தான் செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தார். அவரை அருவியிலேயே தள்ளிவிடலாமா என்றிருந்தது.

ஒருவழியாகத் திரும்பி வந்து, தெருவில் வைத்துக் கண்ணாடித் தம்ளரில் அருவித் தண்ணீரை ஊற்றிப் பவுடரைப் போட்டேன். ஊதாவாகு, ஊதாவாகு என்று மனசு அடித்துக்கொண்டது. தண்ணீர் வெள்ளையாகக் கொஞ்சம் கலங்கி, அப்படியே நின்றது.

"நெறம் மாறலியே!" என்று அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். "மருந்து மேல குத்தமில்ல வேய். ஒம்ம வேல தப்பிச்சுது. சந்தோசமா இரும்."

என் மனைவி காலிக் குடத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் நான் இத்தன நாளும் குடிச்சது என்ன தண்ணி?" என்றாள்.