வாய்ப்புக் கட்டத்தில் முப்பத்தொரு பேர்

எருமப்பட்டிக் கடைவீதியில் இருக்கும் கண்ணுசாமியின் பாத்திர வாடகைக் கடைக்கு வராமல் அந்தப் பக்கத்தில் யாரும் பெண் எடுத்ததுமில்லை, பெண் கொடுத்ததுமில்லை. அண்டா, குண்டா, நாற்காலி, பந்தல் சாமான், ஒரு ஜெனரேட்டர், ஒரு பழைய டெம்போ. கல்யாணமோ காதுகுத்தோ, அவர் அண்டாவில் வேகாத சோற்றை ஊர் தின்றதில்லை. பிறகு நாமக்கல் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக மண்டபங்கள் முளைத்தன. பாத்திரமும் நாற்காலியும் மண்டபத்தோடு சேர்ந்தே கிடைத்தன. அண்டாக்கள் கவிழ்த்தது கவிழ்த்தபடி கிடந்தன.

ஐம்பத்தெட்டு வயதில் இனி வேறு எந்தத் தொழிலுக்குப் போவது என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், சிறுதொழில் செய்கிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று கேள்விப்பட்டார். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதும் நாமக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டார்.

பயிற்சி கொடுத்தவள் தனப்பிரியா, சேலம் அஸ்தம்பட்டிக்காரி. சின்ன வயதுதான், ஆனால் பேச்சில் தெளிவு. ஆளுக்கொரு பெரிய தாளைக் கொடுத்து நாலு கட்டம் போடச் சொன்னாள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். முதல் இரண்டும் உங்களிடம் இருப்பவை, மற்ற இரண்டும் வெளியே இருப்பவை என்றாள். அச்சுறுத்தல் கட்டத்தைக் கண்ணுசாமி கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினார்: மண்டபம். பலவீனம்: புதிதாக எதையும் செய்து பார்த்ததில்லை. பலம்: ஜெனரேட்டர், டெம்போ, சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் போகலாம். வாய்ப்பில்தான் பேனா நின்றுவிட்டது. கடைசியில் 'விசேஷங்கள் நிறைய நடக்கின்றன' என்று எழுதி வைத்தார்.

தனப்பிரியா அதைப் பார்த்துச் சிரித்தாள். "இது வாய்ப்பு இல்லைங்கய்யா, ஆசை. யாருக்குத் தேவை? என்ன தேவை? எத்தனை பேருக்கு? பொத்தாம்பொதுவா எழுதாதீங்க, பேரோட எழுதுங்க. அப்பத்தான் அது திட்டம்."

'பேரோட' என்ற இந்த ஒரு சொல்தான் அவரைக் கெடுத்தது. அவள் மேல் குற்றமில்லை. மாவு மில்காரருக்கும் தையல் கடைக்காரிக்கும் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னாள்.

அதற்கு முந்திய வாரம் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். மகன் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். உடலை வைக்கும் குளிர்பெட்டி நாமக்கல்லிலிருந்து வந்து சேர உச்சிவேளை ஆயிற்று. வந்த பிறகு கரண்ட் போயிற்று. கண்ணுசாமியின் ஜெனரேட்டர்தான் அன்று மானத்தைக் காப்பாற்றியது. அது நினைவுக்கு வந்ததும் மனிதருக்கு வழி தெரிந்துவிட்டது. எருமப்பட்டியில் குளிர்பெட்டி யாரிடமும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் தனியாக ஊரில் என்று எத்தனை வீடு! உட்கார்ந்து பெயர் எழுதினார். யாருக்கு எந்த நாட்டில் பிள்ளை, பெட்டி எத்தனை நாளைக்கு வேண்டியிருக்கும் என்பதையும் எழுதினார். சிங்கப்பூர், துபாய் என்றால் ஒரு நாள். அமெரிக்கா, கனடா என்றால் இரண்டு நாள்.

மொத்தம் முப்பத்தொரு பேர். பத்தொன்பதாவது பெயர் குப்பாயி, அவருடைய கூடப்பிறந்த அக்கா. வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம். ஒரே மகன் அறிவு கனடாவில் வேலையில் இருந்தான். அந்தப் பெயரை எழுதும்போது கை தயங்கியது என்று கண்ணுசாமி பின்னாளில் சொல்லிக்கொண்டார். தயங்கியிருந்தால் எழுதியிருக்க மாட்டார். கணக்கு சரியாக இருக்க வேண்டுமே என்ற ஒரே நினைப்பில் எழுதினார், அவ்வளவுதான்.

தனப்பிரியா எண்ணிக்கையை மட்டும் கேட்டாள். முப்பத்தொன்று என்றதும் எல்லாரையும் கைதட்டச் சொன்னாள். தாளைத் தினமும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி, நடந்ததை நடந்தபடி குறித்துவரச் சொன்னாள். அவர் கடை பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

திட்டம் பலித்தது, அதுதான் கொடுமை. பெட்டி வாங்கிய ஒரு வருஷத்தில் தாளில் இருந்த ஏழு பெயருக்கு நேராக டிக் விழுந்தது. எந்த வீட்டிலும் அவர் அவசரப்படுத்தியதில்லை, பெட்டியைத் தன் கையாலேயே கழுவித் துடைப்பார், நல்ல மனிதர் என்று ஊர் சொன்னது.

ஒரு பங்குனி மாதம் கோயில் பொங்கலுக்குப் பெரிய கரண்டி கேட்டு குப்பாயி கடைக்கு வந்தார். தம்பி டீக்கடையில் இருந்தார். தம்பி கடைதானே என்று அக்காவே பீரோவைத் திறந்தார். அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. தினமும் பேப்பர் படிக்கிற பொம்பளை. கண்ணுசாமி திரும்பி வந்தபோது கடைசிப் பெயர் வரை படித்து முடித்திருந்தார்.

"ஏஞ்சாமி, எனக்கு ரெண்டு நாள் போட்டிருக்கறயே. அறிவு வந்து சேர அவ்வளவு நேரமாகுமா?"

கண்ணுசாமி எட்டிப் பீரோக் கதவைச் சாத்தினார். "அக்கா, பயிற்சில பேரோட எழுதச் சொன்னாங்க்கா..."

"சொன்னது அவிங்க. எழுதுனது நீதான?"

கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றே கண்ணுசாமி தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். அது யாருக்கு வேண்டும்? அக்கா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "நாஞ்செத்தா என்னைய அந்தப் பொட்டில வெக்கக்கூடாது. அறிவு வந்தாலுஞ்சேரி, வராட்டியுஞ்சேரி, பொழுதெறங்கறதுக்குள்ள எடுத்துப்போடோணும். அவங்கிட்ட இதை ஆரும் சொல்லாதீங்க. தூரத்துல இருக்கற பையன், மனசு நொந்துக்குவான்."

ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தச் சொல்லை அக்கா வாயாலேயே திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று கண்ணுசாமி நடையாய் நடந்தார். தீபாவளிக்குச் சேலை எடுத்துப் போனார். அக்கா வாங்கிக்கொண்டார், சோறும் போட்டார். "அக்கா, அந்தப் பேச்ச உட்டுருங்க்கா. பொட்டியவே வித்துப்போடறன்" என்றார்.

"வித்துப்போடு, பாக்கலாம்" என்றார் குப்பாயி.

விற்றிருந்தால் ஒருவேளை அக்கா மனம் இளகியிருக்கும். அவர் விற்கவில்லை. விற்கப் போகும்போதெல்லாம் எங்கிருந்தாவது ஒரு போன் வரும். கடை ஓடுவதே அந்தப் பெட்டியால்தான். அக்கா வீட்டு வழியாகவே டெம்போ அதை ஏற்றிக்கொண்டு போகும். வாசலில் நிற்கும் குப்பாயி உள்ளே போய்விடுவார்.

தை பிறந்து நாலாம் நாள் காலை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த குப்பாயி அப்படியே சாய்ந்தார். தூக்கி உட்கார வைப்பதற்குள் உயிர் போய்விட்டது. போனில் அறிவு சின்னப் பையனைப்போல் அழுதான். "மாமா, பொட்டில வெச்சிருங்க மாமா. நாளன்னைக்குக் காலைல வந்துருவனுங்க. அம்மா மூஞ்சிய ஒருக்காப் பாத்துக்கறனுங்க."

கண்ணுசாமி கடைக்கு ஓடினார். பெட்டி கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. டெம்போவில் ஏற்றுவதற்காக ஒரு முனையைத் தூக்கியவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். அக்காவை அதற்குள் படுக்கவைத்தால் தன் திட்டத்தைத் தானே நிறைவேற்றியதாகும். வைக்காவிட்டால் பெற்ற பிள்ளைக்கு அம்மா முகம் பார்க்கக் கிடைக்காது. வெறுங்கையோடு திரும்பி வந்தார். அங்கே பெண்கள் அக்காவின் சொல்லைச் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் பையனின் ஆசையைச் சொன்னார்கள். எல்லாருமாக அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போடுகிறவர் அவர். அவர் சொன்னால் அதுதான் முடிவு.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் அறிவுக்குப் போன் போட்டார். "சாமி, பொட்டி வெளிய போயிருக்குதுங்க. இன்னொரு சாவு. நாமக்கல்லுலயும் கேட்டுட்டன், இல்லைனுட்டாங்க. இன்னைக்கே எடுத்துர்றமுங்க."

"சேரிங்க மாமா" என்றான் அறிவு.

போனிலேயே முகத்தைக் காட்டினார்கள். படம் நின்று நின்று வந்தது. பொழுது இறங்குவதற்குள் எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் காலை அறிவு வந்து இறங்கினான். மயானத்துக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார் கண்ணுசாமி. அவன் குனிந்து சாம்பலைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்ததும் மாமன் அழுவதைப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க என்னங்க மாமா பண்ணுவீங்க? பொட்டிய முன்னாலயே குடுத்துட்டீங்க. அவிங்களும் புள்ளைக்காகத்தான வெச்சிருந்துருப்பாங்க."

கண்ணுசாமி தலையை ஆட்டினார்.

"அந்த ஊட்டுப் பையனாவது வந்து மூஞ்சியப் பாத்தானுங்களா மாமா?"

"பாத்தான் சாமி" என்றார் கண்ணுசாமி. "நல்லாப் பாத்தான்."

"அது போதுமுங்க" என்றான் அறிவு.