ஏரியில் மிதந்த செருப்புகள்

ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, இவர்கள் ஷூ காலோடு தேவாலயத்துக்குள் நடப்பது. பனிச்சேறு அப்பிய பூட்ஸோடு பலிபீடத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறார்கள். எனக்குக் கால் கூசும். வாசலிலேயே கழற்றிவிட்டு, சாக்ஸோடு போய் உட்காருவேன். பக்கத்தில் உட்காரும் ஹெல்கா அம்மா முதல் வாரமே என் காலைப் பார்த்துவிட்டு, "வலிக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை, இது மரியாதை" என்றேன், என் அரைகுறை ஜெர்மனில். அடுத்த வாரம் கால்வலிக் களிம்பு ஒன்றை வாங்கிவந்து என் கையில் திணித்தார். எனக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். களிம்பு வீண்போகவில்லை.

எங்கள் ஊர், தொழிற்பேட்டை வந்த தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில். அப்பா காலத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது வீட்டுக்கு ஒருவர் கம்பெனி பஸ் ஏறுகிறார். நான் அங்கே இருந்தவரை, ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டை எடுத்துக் கொடுப்பது நான்தான். என் தங்கை எஸ்தரை எழுப்பிக் குளிக்கவைத்து இழுத்துக்கொண்டு போவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். போனாலும் ஜெபம் முடியும்வரை சுவரில் சாய்ந்து தூங்குவாள். விசுவாசத்துக்காகப் பாடு அனுபவிப்பது பெரிய பாக்கியம் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், அது வந்தால் எனக்குத்தான் வரும் என்று எண்ணிக்கொள்வேன். எனக்கு வந்தது விசா.

நான் இங்கே வந்தபிறகு, சபை நடந்த கொட்டகையை அதன் உரிமையாளர் யாருக்கோ பயந்து காலி செய்யச் சொல்லிவிட்டார். எஸ்தர் எல்லோரையும் தன் வீட்டிலேயே கூடிக்கொள்ளச் சொன்னாள். போன வருடம் ஒரு ஞாயிறு, உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, இந்தப் பாட்டும் ஜெபமும் பிடிக்காத சிலர் வெளியே கிடந்த செருப்புகளையெல்லாம் கோணியில் அள்ளிக்கொண்டுபோய் ஏரியில் கொட்டிவிட்டார்கள். மறுவாரமும் அதேதான். அதற்குப்பின் எல்லோரும் வெறுங்காலோடு வர ஆரம்பித்தார்கள். அது தெரிந்ததும் அந்த ஆட்கள் வாசலில் பாட்டிலை உடைத்துப் போட்டார்கள். மற்றவர்கள் வருவதற்குள் பெருக்கிவிடலாமென்று விளக்குமாற்றோடு இறங்கிய எஸ்தரின் குதிகால் கிழிந்தது. தையல் போட்ட காலைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. தூங்குமூஞ்சிக்கா இது கிடைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

இங்கே நான் சொன்னதைக் கேட்டு, சபையில் அவர்களுக்காக எழுந்து நின்று ஜெபித்தார்கள். ஹெல்கா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் செருப்பும் போனதா?" என்றார்.

"இல்லை. நான் இங்கேதானே இருந்தேன்."

"கோட் ஸை டாங்க்" என்றார், ஆண்டவருக்கு நன்றி என்று. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் எஸ்தரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். "திருநின்றவூர்ல நான் வாங்கிப் போட்ட ஃப்ளாட் சும்மாதானே கீது? அங்க போய்க் கூடுங்களேன்."

"நைட் ஷிப்ட் முடிச்சிகினு வர்றவங்க அவ்ளோ தூரம் எப்புடிக்கா வருவாங்க?"

"அப்ப செருப்பையாவது ஊட்டுக்குள்ள எடுத்து வெச்சிக்கோங்க."

"இன்னாக்கா நீ? ஜெபம் பண்ற எடத்துலயா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இங்கே ஷூவோடு நடப்பவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவள் நான்.

"ரொம்ப பேஜாராத்தான் கீது. ஆனா கஸ்தூரி அக்கா கீதில்ல?" என்றாள். கஸ்தூரி அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில், கதவோரமாக உட்காருவார். எல்லோரும் போனபிறகுதான் எழுந்திருப்பார். பக்தி அதிகம் என்று நினைத்திருந்தேன். "அதோட செருப்பு வாரு அறுந்து ஊக்கு போட்டதாம்க்கா. யாரும் பாத்துடக் கூடாதுன்னுதான் அத்தினி வருஷமும் கடைசியா போயிருக்குது. இப்ப எல்லாரும் வெறுங்காலு பாரு, மொத ஆளா வந்து முன்னாடி குந்திக்குது. பாட்டு கூட எடுத்துக் குடுக்குது. இதுக்கு முன்ன நமக்குத் தெரியவே இல்லியே."

எனக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் இருப்பவரின் கால் எப்படித் தெரியும்? குதிகாலில் தையல் வாங்கியவளுக்குத்தான் அது தெரிந்தது. காயத்தைவிட அதுதான் என்னை அதிகம் எரித்தது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் என்னைத் திட்டலாம். பாடுபடுகிறவர்களைப் பார்த்துச் சொகுசில் இருப்பவள் பொறாமைப்படுவது அசிங்கம்தான். ஆனாலும் பட்டேன்.

அடுத்த ஞாயிறு நல்ல பனி. வேண்டுமென்றே ஷூவை வாசலுக்கு வெளியே படியில் கழற்றினேன், சாக்ஸையும் சேர்த்து. வெறுங்காலோடு உள்ளே வந்து கடைசி வரிசையில், கதவோரமாக நின்றேன். கல்தரையின் குளிர் முழங்கால்வரை ஏறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நேரம் அங்கே உச்சிவெயில் தாண்டி, ஆராதனை முடிந்து, எல்லோரும் தார்ரோட்டில் வெறுங்கால் சுடச்சுட நடந்து வீடு சேர்ந்திருப்பார்கள்.

பாட்டின் நடுவில் யாரோ என் காலடியில் குனிந்தார்கள். ஹெல்கா அம்மா. படியில் கிடந்த என் ஷூவைக் கொண்டுவந்து, துடைத்து, ஹீட்டர்மேல் வைத்துச் சூடாக்கியிருக்கிறார். அந்த வயதில் முட்டி போட்டு, என் கால் முன்னால் ஜோடியாக வைத்தார்.

"குளிருமே, பெண்ணே."

இதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறீர்களே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எழ முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார். ஒரு காலை நுழைத்தேன். இதமாக இருந்தது. மற்றதைத் தரையிலேயே வைத்துக்கொண்டு பாட்டை முடித்தேன்.