ஒட்டிலியா துடைத்த வாள்

சுவிட்சர்லாந்து மலையில் இருக்கும் எங்கள் அப்பென்செல்லில் ஆண்பிள்ளைகள் வாளோடுதான் ஓட்டுப் போட வருவார்கள். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். இடுப்பில் வாள் இருந்தால் உள்ளே போய்க் கை தூக்கலாம். பக்கத்து வீட்டு ஒட்டிலியா முப்பத்தொரு வருஷம் அந்த வாளைத் துடைத்து, வாசலில் நின்று புருஷன் பாப்டிஸ்ட் கையில் கொடுத்தாள். அந்த மனுஷன் போய், பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று கை தூக்கிவிட்டு வந்து, சூப் ஆறிப்போச்சு என்று கத்துவார்.

கடைசியில் நீதிமன்றம் சொல்லித்தான் எங்களுக்கு ஓட்டு வந்தது. வாள் இல்லாதவர்கள் காட்டி உள்ளே போக, எல்லார் வீட்டுக்கும் ஓட்டு அட்டை வந்தது. பாப்டிஸ்ட் தன் அட்டையை அடுப்பில் போட்டார்.

"வாள் இருக்கறவனுக்குக் காகிதம் எதுக்குடி?"

ஓட்டு நாளான ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்கள் இருவருமாக மூன்று பேரும் கிளம்பினோம். பாப்டிஸ்ட் விறைப்பாக முன்னால் நடந்தார். கயிற்றருகே காவலர் மறித்தார்.

"அண்ணே, வாள் எங்க?"

பாப்டிஸ்ட் இடுப்பைத் தடவினார். ஒன்றுமில்லை.

"என்னடி, நீ எடுத்துக் குடுக்கவே இல்லையே!"

"நானும் ஓட்டுப் போடக் கிளம்பிட்டிருந்தேங்க. உங்க வாளை நீங்கதான எடுத்துக்கணும்?"

அவர் காவலர் மீது பாய்ந்தார். "என்னைத் தெரியாதாடா உனக்கு?"

"தெரியும்ணே. போன வருஷம் அக்காவையும் தெரிஞ்சுதான் வெளிய நிக்க வெச்சோம்."

ஒட்டிலியா அட்டையைக் காட்டி உள்ளே போனாள். புது ரோடு வேண்டுமா என்று கேட்டார்கள்.

"வேணாம்னு தூக்குடி!" என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து அலறினார் பாப்டிஸ்ட்.

வேண்டும் என்பதற்குக் கை தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமலே திரும்பினாள்.

"இங்க நேரமாகும். வீட்டுக்குப் போய் சூப்பைச் சுட வைங்க!"