குமிழைத் திருப்பியபோது

போன வாரம் மகன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அவன் அப்பாவின் தலை ஸ்கேன். "வெரலால தேச்சிப் பாரும்மா, தெளிவா வரும்" என்றான். தேய்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் காணோம். இதே ஸ்கேன் வேலையில் தலை நரைத்தவள் நான்; இருந்தும் குழம்பிப் போனேன்.

அந்த நேரம் பார்த்துத் தோல் வாடை வந்தது. வீட்டில் தோல் ஏது? அது அன்வர் பாயின் சட்டை வாடை. ஆம்பூரில் தோலுக்குச் சாயம் போடுகிறவர். திடீர் திடீரென வலிப்பு வருகிறது, தலைக்குள் கட்டி இருக்குமோ என்று எண்பதுகளில் வேலூரில் எங்கள் ஸ்கேன் அறைக்கு அனுப்பியிருந்தார்கள்.

நானோ பாகாயத்திலிருந்து பஸ் பிடித்து ஓடிவரும் புது டெக்னீஷியன். திரைக்குக் கீழே, படத்தின் கருப்பு வெளுப்பைக் கூட்டிக் குறைக்க இரண்டு குமிழ்கள் இருக்கும். திருப்பத் திருப்ப மூளை கரியாகும், சுண்ணாம்பாகும். எது சரியான படம் என்று டாக்டரைக் கேட்டேன். "எல்லாமே சரியான படம்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கு அவர் சும்மா இருந்திருக்கலாம்.

பாயின் முதல் படங்களில் எல்லாம் ஒரே சாம்பல் மூட்டம். ஊசியில் சாயம் ஏற்றி மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டர்.

"இன்னா கலரு சிஸ்டர்?" என்றார் பாய். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் அவருக்கு சிஸ்டர்தான்.

"கலரே இல்ல பாய். தண்ணி மாதிரி இருக்கும்."

"கலர் இல்லாத சாயமா? எங்க மொதலாளி கேட்டா வேலைய விட்டே தூக்கிடுவாரு!" படுத்தபடியே சிரித்தார். எனக்கும் அது புரியாத விஷயம்தான். நிறமில்லாத மருந்து உள்ளே போய்ப் படத்தில் மட்டும் வெள்ளையாக எரியும்.

எரிந்தது. வலது பக்கம், எலுமிச்சை அளவுக்குக் கட்டி. உடனே பதறிக் குமிழைத் திருப்பினேன். மறைந்துவிட்டது.

"சிஸ்டர்!" பின்னால் குரல். பாயின் மனைவி நசீமா எப்போது உள்ளே வந்தாரோ, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப இல்லியே! அப்டியே வெச்சிருங்க சிஸ்டர். அல்லா மேல ஆணை, தொடாதீங்க."

என்ன சொல்வது? மறைந்தது படத்தில்தான், தலையில் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? குமிழைத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்தேன். அந்த வெள்ளை மறுபடி வந்து நின்றது. நசீமா திரையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். அதை அங்கே கொண்டுவந்து வைத்ததே நான்தான் என்பதுபோல. ஃபிலிமை ஆபரேஷனுக்கு எடுத்துப் போனார்கள். பாய் பிழைத்தாரா, எனக்குத் தெரியாது.

அந்தக் குமிழ்கள் இப்போது இல்லை. ஃபிலிம் கழுவும் இருட்டறை இல்லை, அதன் புளிப்பு வாடையும் இல்லை. ஒரு விரல் போதும்.

"இன்னா தெரியுது?" கட்டிலிலிருந்து கணவர் கேட்டார்.

படம் முழுக்கச் சாம்பலாகும்வரை தேய்த்தேன். "இருங்க, பாத்துட்டிருக்கேன்" என்றேன். விரலை எடுக்கவில்லை.