பூட்டு விழுகிற சத்தம்

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் தம்பியின் செத்தவீட்டுக்கு வந்து, என்னோடு கூட இருந்து அழுதுவிட்டுப் போனவர்கள்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கராஜுக்கு வாகனம் தூக்குகிற லிஃப்ட் ஒன்று எடுக்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவர்களே பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கராஜ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு வளவின் முன்பக்கத்தில் நிற்கிற தகரக் கொட்டகை. பின்வேலிக்கு அப்பால் வாவி. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் கட்டுகிறவர்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். என் புருசனும் அப்படி ஒரு உடுப்புப் பையோடும் ஒரு ஸ்பனர்ப் பெட்டியோடும் வந்தவர். அம்மா பெரிய வீட்டை எனக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார். தம்பி கட்டாருக்குப் போய் உழைத்து என் வீட்டுக்குக் கூரை போட்டு, நிலம் போட்டு, கதவு யன்னல் போட்டுத் தந்தான். அக்காவின் வீடு முடியட்டும், அதற்குப் பிறகு தன் கலியாணத்தைப் பார்க்கலாம் என்பான். வீடு முடிந்தது.

ஊருக்குத் திரும்பியதும் என் புருசனோடு கராஜில் சேர்ந்துகொண்டான். கட்டாரில் அவன் வேலைக்கு நின்றதும் ஒரு பெரிய கராஜில்தான். வந்த நாளிலிருந்து ஒரே கதை. "அங்க ஒருத்தனும் வாகனத்துக்குக் கீழ படுக்கிறல்ல மச்சான். வாகனந்தான் மேல போகும், நாம நிண்டு வேலை செய்யிற" என்பான். இவர் அவனைக் கட்டார் இஞ்சினியர் என்று கூப்பிடத் தொடங்கினார். மணல் தரையாகக் கிடந்த கொட்டகைக்கு அவனே சீமெந்து குழைத்துத் தளம் போட்டான். தளம் காய்ந்ததும், வாசல் படலைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ரில் இரண்டு சதுரம் கீறினான். லிஃப்டின் இரண்டு தூணும் ஒருநாள் அந்த இடத்தில் நிற்குமாம். நாங்கள் சிரித்தோம். அவனும் சேர்ந்து சிரித்தான்.

மாரி காலம் அது. இரண்டு கிழமையாக அடித்த மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது. சின்ன வேன் ஒன்றின் கியர்பொக்ஸை இறக்க வேண்டியிருந்தது. ஜக் அடித்துத் தூக்கி, இரண்டு பக்கமும் பனங்குற்றி முட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் சின்னக் கராஜ்களில் எல்லாம் அப்படித்தான். அது பிழை என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. தம்பி கீழே படுத்திருந்தான். இறுகிப்போன நட் ஒன்றைத் திறக்க இவர் பக்கத்திலிருந்து ஸ்பனரில் நீளக் குழாயைப் போட்டு இழுத்தார். வேன் ஆடியது. தம்பி போட்ட தளம் நாலு விரல் தடிப்புத்தான், அதற்குக் கீழே வாவி மணல், மணலுக்குள் மழைத் தண்ணீர். குற்றி நின்ற இடத்தில் தளம் வெடித்து உள்ளே இறங்கிவிட்டது. நான் குசினியில் நின்றேன். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அரிசி மூட்டையைத் தோளிலிருந்து நிலத்தில் போட்டால் வருமே, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் புருசன் எந்த வாகனத்துக்கும் கீழே போகவில்லை. பொனற்றைத் திறந்து மேலிருந்து செய்யக்கூடிய வேலை மட்டும் செய்தார். கீழே போகாத ஆளிடம் யார் வாகனம் கொண்டுவருவார்கள்? ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, தளம் வெடித்த இடத்தைப் பார்த்தபடி இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். படுக்கச் சொன்னால் படுப்பார்.

அம்மா இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கலாம். ஒரு சொல் இல்லை. மீன் ஆக்கினால் என் கையில் தந்து அனுப்புவார், இவர் முற்றத்தில் நின்றால் பின்வேலியைச் சுற்றிப் போவார். வெள்ளிக்கிழமைகளில் கொட்டகைக்கு வந்து சிவப்புச் சதுரத்தில் விளக்கு வைப்பார். அந்த நேரம் இவர் எழுந்து றோட்டுக்குப் போய்விடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கறிச்சட்டியோடு நடந்துகொண்டிருந்தேன். எனக்கும் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் எல்லார் மேலும் விழுந்தது.

ஒருநாள் இவர் ஸ்பனர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். கதிரவெளிப் பக்கம் தன் அக்காவின் வீட்டில் கொஞ்ச நாள் நிற்கலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். கடலுக்குப் போகிறவர்களின் இஞ்சின்களைப் பார்க்கலாமாம். கொஞ்ச நாள் என்று போன ஆம்பிளைகள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பையோடு வந்தவர் பையோடு போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தம்பியைக் கொண்டுபோன கொட்டகை இவரையும் கொண்டுபோகப்போகிறது என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் லிஃப்ட் எடுப்பது என்று நான் முடிவு செய்தேன். அவரிடம் கேட்கவில்லை, சொன்னேன்.

பழைய இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிற ஒரு முஸ்லிம் நானா காத்தான்குடியில் இருந்தார். இவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி நான்தான் கூட்டிப்போனேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. ஓட்டியது அவர் என்றாலும் போனது நான். நானா தேத்தண்ணி தந்தார். தம்பியின் விசயம் அவருக்குத் தெரிந்திருந்தது, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கும் நன்றி. முதலில் இவரைப் பார்த்துத்தான் விளக்கம் சொன்னார். இவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியெல்லாம் நான் கேட்கவும் நானா கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

மூன்று விதம் காட்டினார். முதலாவது, கத்தரிபோல விரிந்து எழும்புகிறது. கொங்கிறீட் தேவையில்லை, வேண்டிய இடத்துக்கு உருட்டிப் போகலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் தோது என்றார். எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டேன். இடுப்பளவு. அப்படியென்றால் மனிசன் திரும்பவும் குனிந்தோ படுத்தோதான் கீழே போகவேண்டும். படுத்து வேலை செய்கிற எந்தச் சாமானும் என் வளவுக்குள் வராது என்று சொன்னேன். சொன்ன விதம் கொஞ்சம் கடுமைதான். இரண்டாவது, நாலு தூண் வைத்தது. நல்ல சாமான், ஆனால் எங்கள் கொட்டகைக்குள் அடங்காது. மூன்றாவது இரண்டு தூண். ஆள் நிமிர்ந்து நிற்கலாம், வீட்டுக் கறண்டில் ஓடும், கூரைத் தகரத்தை ஒரு பக்கம் உயர்த்தினால் போதும். ஒன்றுதான் பிரச்சினை. தூணின் போல்ட் இறங்குவதற்கு ஒரு சாணுக்குக் குறையாத கொங்கிறீட் வேண்டும்.

தூக்கிப் பிடிக்கிற எண்ணெய்க் குழாய் வெடித்தால் வாகனம் கீழே வருமா என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"வராது தங்கச்சி. ரெண்டு தூணுக்குள்ளயும் இரும்புப் பூட்டு இரிக்கி" என்றார் நானா. "ஆனா தூக்கினா மட்டும் காணாது. தூக்கிப்போட்டுத் திரும்ப ஒள்ளுப்பம் கீழ இறக்கணும். அப்பதான் ரெண்டு பக்கமும் பூட்டில போய்க் குந்தும். அந்தச் சத்தம் ரெண்டும் கேக்காம ஒருத்தரும் கீழ போகப்படாது."

இவர் அப்போதுதான் கோப்பையிலிருந்து கண்ணை எடுத்தார். திரும்பி வரும் வழியில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டே வந்ததும், தம்பியும் இதைத்தான் சொன்னவன் என்று மட்டும் சொன்னார். அந்த லிஃப்டை நாங்கள் எடுத்தால், முந்தியே எடுத்திருக்கலாம் என்று அது ஒவ்வொரு நாளும் முற்றத்தில் நின்று சொல்லும். இவர் இத்தனை நாளும் லிஃப்ட் பேச்சை எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று அப்போது விளங்கியது. ஊர்க்காரர் சொன்ன பழமொழியை இவர் யாரும் சொல்லுமுன்னே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

லிஃப்ட் பொருத்துகிறவர் ஏறாவூரிலிருந்து அளக்க வந்தார். மழை தொடங்குவதற்கு முன்னால் கொங்கிறீட் போட்டு ஒரு மாதம் காயவிடவேண்டும் என்றார். தளத்தைத் தட்டிப் பார்த்தார், ஒன்றுக்கும் உதவாது, முழுவதையும் உடைக்கவேண்டும் என்றார். இவர் சிவப்புச் சதுரங்களைக் காட்டி, தூண்கள் இந்த இரண்டு இடத்திலும்தான் நிற்கவேண்டும் என்றார். வந்தவர் நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, இடைவெளி காணாது, பெரிய வேன் நுழையாது என்றார். பரவாயில்லை, அங்கேதான் நடவேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எனக்கு விளங்கியது. தம்பி அளந்தது அந்த நேரம் கொட்டகைக்குள் நின்ற வாகனத்துக்கு. கியர்பொக்ஸ் பழுதென்று அடிக்கடி வந்துபோன அதே சின்ன வேன். அவனைக் கொன்ற வேனுக்கு அளவெடுத்துத்தான் அவன் அந்தச் சதுரங்களைக் கீறியிருக்கிறான்.

"தம்பி கீறினது பிழை" என்றேன். "தளமும் பிழை. உடைங்க."

"உனக்கு நெஞ்சில ஈரமில்லையா புள்ள?" என்றார் இவர்.

"இரிக்கி. அதாலதான் உடைக்கச் சொல்றன். என்ட வளவு இது."

அந்தக் கடைசிச் சொல் வேண்டாதது. கலியாணம் செய்த நாளிலிருந்து ஒருநாளும் அவரிடம் சொல்லாதது. அவர் எழுந்து வாவிக் கரைக்குப் போனார். கொத்தன்மார் வந்து தளத்தை உடைத்த இரண்டு நாளும் அவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முழங்காலளவு தோண்டவே தண்ணீர் ஊறியது. வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். அம்மா வந்து கிடங்கைப் பார்த்தபடி நின்றார். தடுப்பார் என்று நான் பயந்தேன். உடைந்த துண்டுகளுக்குள் சிவப்புப் பெயின்ர் பட்ட ஒன்றைக் குனிந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். விளக்கு இப்போது அதற்கு மேல்தான் எரிகிறது.

கொங்கிறீட் காய்ந்து தூண்கள் நின்றதும், பொருத்தியவர் ஒரு காலை முழுவதும் லிஃப்டை ஏற்றி இறக்கிக் காட்டினார். ஏறும்போது டக்டக்கென்று ஒரு சத்தம். கடைசியில் சற்று இறங்கிப் பூட்டில் குந்தும்போது கனமாக இரண்டு சத்தம், ஒரு தூணில் ஒன்று, மற்றத் தூணில் ஒன்று. பின்வளவில் அம்மாவின் வீடு வரைக்கும் கேட்டது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஸ்பனர்ப் பெட்டி மட்டும் அடுக்கினபடி மூடிக் கிடந்தது.

முதல் வாகனமாக உன்னிச்சையிலிருந்து நெல்லேற்றுகிற ஒரு பெரிய வேன் வந்தது. சின்னச் சதுரங்களுக்குள் அது நுழைந்திருக்காது. கிளச் மாற்றவேண்டும், கீழே போகாமல் முடியாத வேலை. இவர் லிஃப்டின் இரும்புக் கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வைத்தார். பொத்தானை அமத்தினார். வேன் ஏறியது. பிறகு பிடியை அமத்திச் சற்று இறக்கினார். கனமாகச் சத்தம் கேட்டது. வேனுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். சேட் முதுகில் ஒட்டிக் கிடந்தது. போங்கள் என்றும் போகவேண்டாம் என்றும் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. தலையைக் குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"நில்லுங்க மருமகன்."

அம்மா கொட்டகை வாசலில் நின்றார். எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை.

"ஒரு பக்கந்தான் விழுந்திரிக்கி. மற்றப் பக்கம் விழல்ல."

இவர் காலை இழுத்தார். எனக்கு இரண்டும் விழுந்ததுபோலத்தான் கேட்டிருந்தது. இவர் போய்த் தூணுக்குள் பார்த்தார். அம்மா சொன்னது சரி, அந்தப் பக்கத்துப் பூட்டு குந்தியிருக்கவில்லை. பிறகு வேனைத் திரும்பவும் கொஞ்சம் ஏற்றி, திரும்பவும் இறக்கினார். ஒரு சத்தம். அடுத்த தூணில் இன்னொன்று.

"இப்ப போங்க" என்றார் அம்மா.

இவர் கீழே போனார். அழுதுகொண்டேதான் வேலை செய்தார், எனக்குக் கேட்டது. வேலை முடிந்து வெளியே வரும்வரை அம்மா கொட்டகை வாசலை விட்டு அசையவில்லை. இவர் வந்ததும் அம்மா பின்வேலியைச் சுற்றிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாகனமும் அம்மா வராமல் தூக்கப்படவில்லை. அம்மா கோயிலுக்குப் போன நாளில் வாகனங்கள் நிலத்தில் நிற்கும். அம்மா காய்ச்சலில் படுத்தபோது இவர் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் படலையில் இருந்தார். ஊரில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அம்மாவுக்கு மருமகனில் மனம் ஆறிவிட்டது என்றும் சொல்கிறார்கள். ஆறவில்லை. மீன் இன்னமும் என் கையில்தான் வருகிறது. தன் மகன் கீழே கிடந்த அன்று யாரும் சொல்லாத இரண்டு சொல்லைத்தான் அம்மா இவரிடம் சொல்கிறார். நில்லுங்க. இப்ப போங்க. அதைத் தவிர இரண்டு பேருக்கும் இடையில் வேறு பேச்சு இல்லை.