காளவாசல் வாயில் ஒரு தகரம்

யுத்தத்தால் கரி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த வருஷம். தூத்துக்குடியில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாசல் ஒன்றில் நான் மேற்பார்வையாளன். ரசாயனம் படித்தவன் என்று வேலை கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவிக்கு எட்டாம் மாதம். கையில் பட்டம், தலையில் கனம்.

கரியை மிச்சம் பிடிக்க எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காளவாசலின் மேல்வாயைத் தகரத்தால் மூடிவிட்டால் சூடு வீணாகாது. அங்கே சிப்பி அடுக்கும் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, மேல அடைச்சா சிப்பிக்கு மூச்சு முட்டும்லா. வேகாது."

"செத்த சிப்பிக்கு என்ன மூச்சு?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அவளும் சிரித்தாள்.

மேல்வாயில் தகரம் மூடியிருக்க, கீழே தீ எரிந்தது. ஆனால் வெந்த சிப்பியைத் தண்ணீரில் போட்டால் சீறிப் பொங்கி மாவாக வேண்டும். எங்களுடையது அப்படியே கிடந்தது. முதலாளி அதில் ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்தார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாவ? அடுத்த தடவையும் இப்படின்னா, நீரு ஊரைப் பாத்துப் போயிரும்வே."

அப்போதும் நான் தகரத்தைச் சந்தேகிக்கவில்லை, கரி மட்டம் என்றேன். மறுபடி தீ மூட்டியதும் மூடச் சொல்லிவிட்டு, மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மறுநாள் வந்தபோது தகரம் தரையில் கிடந்தது. தொட்டித் தண்ணீரில் சிப்பி சீறிக்கொண்டிருந்தது, அத்தனை வெள்ளை!

"தகரத்தை எடுத்தது யாரு?" என்றார் முதலாளி.

"ஐயாதான் எடுக்கச் சொன்னாவ" என்றாள் சிப்பி அடுக்கும் பெண்.

முதலாளி என் முதுகில் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வேகும் சிப்பி விடுகிற கரியமில வாயு வெளியேறினால்தான் மிச்சமும் வேகும். அடைத்துவைத்தால் அது சுண்ணாம்போடு மறுபடி சேர்ந்துகொள்ளும். வேகுவதும் மீள்வதும் சரிக்குச் சரியாகி நின்றுவிடும். இதையே பரீட்சையில் இரண்டு பக்கமும் அம்பு போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு அவளிடம் கேட்டேன்.

"வீட்டம்மைக்கு மாசம் எட்டுலா. இந்த நேரத்துல அவுகளை எங்கன கூட்டிட்டு அலைவிய?"

அந்தச் சம்பளத்தில்தான் என் மகள் பிறந்தாள், படித்தாள். அந்தச் சிப்பி அடுக்கும் பெண்ணை வாழ்த்தாத நாள் என் வீட்டில் இல்லை. அன்றைக்கே அவளுக்கு நன்றியும் சொன்னேன். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.